கால் மாறிய மழை அலாரம்

எலக்ட்ரானிக்ஸ் மாத இதழ் வாங்குவதற்கென்றே ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறுவேன். பஸ் நிலையத்துக் கடைக்கு இரண்டே பிரதிகள் வரும். இன்னொன்றை வாங்கும் மகராசன் யாரென்று தெரியாது. கடைக்காரர் சொன்னபடி பார்த்தால், எனக்கு முன்னால் வந்து, இரண்டையும் புரட்டிப் பார்த்து, கசங்காத பிரதியைக் கொண்டுபோய்விடுவார். அவர்மேல் எனக்குத் தீராத கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில், பள்ளியில் நான் பிசிக்ஸ் டீச்சர். பழைய புத்தகக் கடையில் கிடைத்த முந்தைய இதழ்களில் பக்கத்துக்குப் பக்கம் ரேடியோதான். நான் வாங்கத் தொடங்கியபோது கம்ப்யூட்டர் வந்து பாதி இடத்தைப் பிடித்துவிட்டது. எது வந்தால் என்ன, நான் முதலில் திறப்பது வாசகர்கள் அனுப்பும் சர்க்யூட் பக்கத்தைத்தான். எங்கோ ஓர் ஊரில் யாரோ செய்த தண்ணீர்த் தொட்டி அலாரம், யாரோ செய்த காலிங் பெல். அந்தப் பக்கத்தில் என் பெயரும் வர வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

என் கணவர் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர். யார்டில் தோல் காயும்போது திடீரென்று மழை பிடித்தால் கறை விழுந்துவிடும். அதற்காக ஒரு மழை அலாரம் செய்தேன். செம்புக் கோடுகள் போட்ட சின்னத் தட்டில் இரண்டு துளி விழுந்தால் போதும், பஸ்ஸர் கத்தும். யார்டில் அது பிரமாதமாக வேலை செய்தது. படம் வரைந்து இதழுக்கு அனுப்பினேன். மூன்றாம் மாதம் அச்சில் வந்தது! பெயரோடு! பள்ளி ஆசிரியர் அறையில் அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர் யாரும் இல்லை. பார்க்காமல் நான் விடவில்லை.

அடுத்த மாதம் இதழ் அலுவலகத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே வாசகர் கடிதங்கள் ஏழு. ஏழும் ஒன்றையேதான் சொல்லின: சொன்னபடியே செய்தோம், தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம், கத்தவில்லை.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இனி அந்தப் பக்கத்தில் என் பெயர் வரவே வராது என்று நினைத்தேன்.

"இன்னா இப்போ? நம்ம யார்டுல நல்லாத்தானே கத்துது?" என்றார் கணவர்.

"கத்துதுங்க. அப்ப நான் வரைஞ்சதுலதான் எங்கியோ தப்பு."

அலாரத்தைக் கழற்றிவரச் சொல்லி, படத்தோடு வைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் எது எது என்று ஒரு சின்னப் படம் போட்டிருந்தேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கிறவள் சர்க்யூட் போர்டைக் கவிழ்த்துப் போட்டுத்தானே வேலை செய்வாள்? கவிழ்ந்த போர்டில் கண்ணுக்குத் தெரிந்தபடியே வரைந்துவிட்டு, மேலிருந்து பார்த்ததாக எழுதிவிட்டேன். இடது கால் வலதாகிவிட்டது. ஏழு பேரும் அதை நம்பி, திருப்பிப் போட்டுப் பற்றவைத்திருக்கிறார்கள்.

பிழை என்னுடையது என்று இதழுக்கு எழுதினேன். ஏழு பேருக்கும் தனித்தனியாக, கால்களைச் சரியாக வரைந்து மன்னிப்புக் கேட்டேன். ஏழாவது உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. சும்மா படித்துவிட்டு மூடி வைத்திருந்தால், அது கத்தாது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? முகம் தெரியாத ஏழு பேர் என் படத்தைப் பார்த்து ஈயம் உருக்கியிருக்கிறார்கள்! அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மழைக்காலத்தில் குடகிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் அந்த ஏழு பேரில் ஒருவர், காபிக் கொட்டை காயப்போடுகிறவர். என் புதுப் படத்தின்படி டிரான்சிஸ்டரைக் கழற்றிச் சரியாகப் போட்டாராம். பகல் சாப்பாட்டு நேரத்தில் அலாரம் கத்தியதாம். வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் எச்சில் கையோடு ஓடிக் களத்தை மூடினார்களாம்.

"ஒரு கொட்டைகூட நனையவில்லை" என்று முடித்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "அடுத்த சர்க்யூட் எப்போது?"