ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

திருகோணமலையில் எண்ணெய்த் தாங்கி எரிந்தபோது எங்கள் ஊரில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. நாற்பத்திரண்டில் யப்பான்காரன் அங்கே குண்டு போட்ட அதே நாளில் எங்களுக்கு நேரே கடலிலும் கப்பல்களை அடித்தான். மட்டக்களப்புக்குத் தெற்கே, எங்கள் தேற்றாத்தீவுக் கரையில் நின்று சத்தத்தைக் கேட்டோம், புகையைப் பார்த்தோம், பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம். போர் எங்களைத் தொடாமல் போய்விட்டது என்று நினைத்தேன். அவ்வளவு மடையன் நான்.

எரிந்தது கப்பலுக்கு ஊற்றுகிற கறுப்பு எண்ணெய். எங்கள் குப்பி லாம்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அடுத்த கிழமையே மண்ணெண்ணெய் விலை ஏறியது. மூன்று போத்தல் வாங்கிய காசுக்கு ஒன்று கிடைத்தால் பெரிய காரியம். பிறகு பங்கீட்டுக் கூப்பன் வந்தது. கையில் கூப்பன் இருந்தது, கடையில் எண்ணெய் இல்லை.

எண்ணெய் விற்ற கடைக்காரர்கள் பெரும்பாலும் காத்தான்குடி முஸ்லிம்கள். எண்ணெயும் சீனியும் துணியும் அவர்களிடம் நாங்கள் வாங்குவோம். எங்கள் நெல்லை அவர்கள் வாங்குவார்கள். இப்போது தோணித்துறையில் ஒரு பேச்சுக் கிளம்பியது: எண்ணெயைப் பதுக்கி வைத்திருக்கிறார்களாம். ஒரு பீப்பாயைக்கூட யாரும் கண்ணால் கண்டதில்லை. கண்ணில் படாததே அத்தாட்சி என்றார்கள். காத்தான்குடியிலும் சும்மா இருக்கவில்லை. தமிழர் நெல்லைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அங்கே கதை.

சில நாட்களில் மூழ்கிய கப்பல்களின் எண்ணெய் கரைக்கு வந்தது. கறுப்பாக, தடிப்பாக மணலில் ஒட்டிக் கிடந்தது. கடலில் வந்ததெல்லாம் அரசாங்கத்துச் சாமான், எடுத்தால் மறியலில் அடைப்பார்கள் என்று ஊர் அதிகாரியான விதானையார் பறை அடித்துச் சொல்வித்தார். அதற்கு முன்பே ஊரில் பாதிப்பேர் அள்ளி முடித்திருந்தார்கள். நானும் மனைவியும் சிரட்டையால் வழித்து இரண்டு தகரம் நிரப்பி மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் புதைத்தோம். லாம்பில் ஊற்றிப் பார்த்தால் எரியவில்லை, புகைதான் வந்தது.

"இத வச்சி என்ன செய்யிற?" என்று அவள் கேட்டாள்.

"சும்மா வந்தத விட ஏலுமா, புள்ள?" என்றேன்.

எங்கள் பக்கத்தில் நிலம் பெண்ணோடுதான் போகும். கல்யாணம் கட்டி வந்தவன் நான். வாவிக்கு மறுகரையில், படுவான்கரையில் இருந்த அவளுடைய சீதன வயலைச் செய்துவந்தேன். ஒழுங்காகச் செய்கிறேனா என்று அவளுடைய தமையன் அடிக்கடி வரம்பில் வந்து நிற்பார். நல்லதென்றும் சொல்லமாட்டார், கெட்டதென்றும் சொல்லமாட்டார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அதே வயல்வெளியில், அந்த வட்டையில், எங்களுக்கு அடுத்த பள்ளத்து வயல் காத்தான்குடிக்காரர் ஒருவருடையது. காத்தான்குடியில் சில்லறைக் கடையும் வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். எங்கள் வயலில் நின்ற தண்ணீர்தான், வரம்பை வெட்டிவிட்ட வக்கடையால் அவருடைய வயலுக்கு இறங்கும்.

அந்தக் கோடைப்போகத்தில் கதிர் வருகிற நேரம் அறக்கொட்டியான் விழுந்தது. நெல்லின் தண்டைச் சூப்புகிற சின்னப் பூச்சி அது. விட்டால் நெருப்புப் பட்டதுபோல, வயலில் நிற்கிற வேளாண்மை வட்டம் வட்டமாகக் கருகும். எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து மண்ணெண்ணெய். நிற்கிற தண்ணீரில் கொஞ்சம் தெளித்து, இரண்டு பேர் கயிற்றின் இரு முனையைப் பிடித்து நெல்லுக்கு மேலாக இழுப்போம். பூச்சி தண்ணீரில் விழுந்து சாகும். மறுநாள் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுவோம்.

காக்காவின் கடைக்குப் போனேன். தட்டெல்லாம் வெறுமை.

"இல்ல தம்பி. கூப்பனுக்கே வரல்ல" என்றார். சற்று யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு போத்தல் கொண்டுவந்தார். "இது ஊட்டு லாம்புக்கு வச்ச. கொண்டு போங்க, நாங்க இருட்டில கிடப்பம். உங்கட வயல்ல பூச்சி நிண்டா மறுகா என்ட வயலுக்குத்தானே வரும்."

நன்றியோடு வாங்கினேன் என்று எழுத ஆசைதான். ஒரு போத்தல் தருகிறவனிடம் பத்துப் போத்தல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன். ஊர்ப்பேச்சு எனக்குள்ளும் புகுந்து குடியிருந்தது.

ஒரு போத்தல் அந்த வயலுக்குக் காணாது. கொட்டிலில் இருந்த தகரத்தை எடுத்துக் கடலெண்ணெயில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கலக்கினேன். நன்றாக இளகியது. எண்ணெய் எண்ணெய்தானே என்றது என் புத்தி.

"அதுக்குள்ள என்ன கிடக்கோ தெரியா. அவரிட்ட இன்னுங் கொஞ்சம் கேட்டுப் பாருங்களன்" என்றாள் மனைவி.

"பதுக்கினவன் கேட்டாத் தருவானா?" என்றேன். நேரில் காக்கா என்ற அதே வாயால்தான் சொன்னேன்.

பூச்சி செத்தது. மனைவியின் தமையன் வரம்பில் நின்று முதன்முறையாகத் தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் வக்கடையைத் திறந்துவிட்டேன். கறுப்புப் படலம் தண்ணீரோடு கீழ் வயலுக்கு இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், கழுவுப்பட்டுப் போய்விடும் என்று.

மண்ணெண்ணெய் வெயிலுக்குப் பறந்துபோகும். இது போகவில்லை. தண்டில் ஒட்டியது, சேற்றில் ஊறியது. ஒரு கிழமைக்குள் எங்கள் வேளாண்மை அடியிலிருந்து மஞ்சளாகி அழுகிச் சாய்ந்தது. காக்காவின் வயலில் வக்கடையை அண்டிய பக்கம் செத்தது. மிச்சம் தப்பிக் கதிர் தள்ளியது.

அடுத்த முறை வாவியைக் கடக்கும்போது தோணிக்காரன் கேட்டான்: "என்ன மச்சான், வேளாண்மை பொசுங்கிக் கிடக்காம். என்ன ஊத்தின நீ?"

தோணியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். விதானையாரின் மருமகன் எனக்கு எதிரே இருந்தான். மனைவியின் தமையன் பக்கத்தில் இருந்தார்.

"மண்ணெண்ணெய்" என்றேன்.

"எங்க வாங்கின?"

"காத்தான்குடியில."

பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோணி கரை சேருமுன்பே கதை கட்டி முடிந்துவிட்டது. நான் காக்காவிடம்தான் வாங்குவேன் என்பது எல்லாருக்கும் தெரியும். கடலெண்ணெயைக் கலந்து விற்றுத் தமிழன் வயலைக் கெடுத்த கடைக்காரன் அவர். அவருடைய வயலும் கெட்டதே என்று ஒருவர் கேட்டார். தன் சரக்கைத் தானும் ஊற்றியிருப்பான் என்றார்கள்.

அன்று பின்னேரமே கதை மனைவியின் காதுக்கு வந்தது. "அந்த மனிசன்ட தலையில பழியப் போட வேணாம். போய் உள்ளதச் சொல்லுங்க" என்றாள்.

"சொன்னா மறியல். அள்ளின கை ரெண்டு இல்ல, நாலு. உன்னையுஞ் சேத்துத்தான் கொண்டுபோவாங்க" என்றேன். அவள் அடங்கிப் போனாள். அவளைப் பயமுறுத்தி நான் தப்பித்துக்கொண்டேன்.

அறுவடை நேரம் காக்கா நான்கு வெட்டுக்காரரோடும் ஒரு மூட்டை அரிசியோடும் எங்கள் துறைக்கு வந்தார். தோணிக்காரன் "இடமில்ல" என்றான். தோணியில் என்னோடு சேர்த்து மூன்று பேர்தான் இருந்தோம்.

காக்கா அவனோடு வாதாடவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்களெண்டாலும் ஒரு வார்த்த சொல்லுங்களன். கதிர் முத்திப் போச்சி."

நான் குனிந்து, தோணிக்குள் கிடந்த தண்ணீரைச் சிரட்டையால் இறைக்கத் தொடங்கினேன். இறைக்கிற அளவுக்குத் தண்ணீர் அதில் இல்லை. தோணிக்காரன் கம்பை ஊன்றித் தள்ளினான். கரையில் அவர் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

பெற்றோல் இல்லாமல் பஸ்ஸும் நின்றுபோயிருந்த காலம். மாட்டுவண்டி தேடி, பட்டணத்துப் பக்கத்தால் சுற்றி, அவர் தன் வயலுக்கு வந்து சேரப் பல நாள் ஆயிற்று. அதற்குள் நெல் உதிரத் தொடங்கிவிட்டது, பன்றிக் கூட்டமும் இறங்கிவிட்டது. செத்துப்போன என் வயலில் நின்று அதை நான் பார்த்தேன். அந்தப் பன்றிகளைக் கலைக்கக்கூட நான் போகவில்லை. ஏன் அவன் வயலைக் காக்கிறாய் என்று யாரும் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம். இன்று நினைத்தாலும் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

அடுத்த விதைப்புக்கு முன் காக்கா வயலை விற்றார். துறையில் தோணி கிடைக்காதவனுக்கு மறுகரையில் வயல் எதற்கு? வாங்கியது என் மனைவியின் தமையன். நல்ல மலிவு. செய்கையை என்னிடம் தருவதாகச் சொல்லி, காணி உறுதி எழுதும்போது சாட்சிக் கையெழுத்துப் போடவும் என்னைக் கூட்டிப்போனார்.

எழுதி முடிந்து வெளியே வந்தபோது காக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்றும் இருந்தது.

"தம்பி, வக்கடப் பக்கம் சேத்துக்குள்ள இன்னும் அந்தக் கறுப்பு நிக்கிது. ரெண்டு போகத்துக்கு அதில வெதைக்காம விடுங்க. வெத நெல்லு வீணாப் போயிரும்" என்றார்.

தான் தந்த போத்தலில் இருந்தது என்ன, இல்லாதது என்ன என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கறுப்பு எந்த வயலிலிருந்து இறங்கியது என்பதும் அவருக்குத் தெரியும். விதானையாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய பெயரும் வயலும் தப்பியிருக்கும், நான் மறியலில் கிடந்திருப்பேன். கடைசிவரை அவர் சொல்லவில்லை.

"ஓம் காக்கா" என்றேன். அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மழை விழுந்ததும் அந்த வயலை நான்தான் உழுது விதைத்தேன், வக்கடைப் பக்கத்தைத் தவிர.