நனைந்திருந்த கருங்கல் உருண்டை

இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் நான் கிடையாது. எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், நான் மாத்திரை வாங்கிவந்து கொடுப்பேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

போன வருஷம் நல்லம்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து தர்மபுரியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை என்னவென்றால், திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உருண்டை வரும், கம்ப்யூட்டர் வரைந்ததுதான், ஆனால் தோல், பட்டு, பித்தளை, கருங்கல் என்று நிஜம் போலவே இருக்கும். ஒன்றில் மட்டும் பளபளப்பைத் துளி மாற்றியிருப்பார்கள். மனுஷக் கண்ணுக்கு அது தெரிகிறதா என்று பார்க்கத்தான் நாங்கள். தப்பு அதிகமானால் வேலை போய்விடும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால், இரண்டு கருங்கல் உருண்டை. வலது பக்கத்தது ஈரமாக இருந்தது. ‘வித்தியாசம் உண்டு’ என்ற பட்டனை அழுத்தினேன், தப்பு என்று வந்தது. மறுபடியும் அதே ஜோடி, மறுபடியும் தப்பு. ஆறு தடவை. யாரோ என்னைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், பக்கத்து சீட் கோகிலா மேல்கூடச் சந்தேகம். அவளைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் திரையை மட்டும் காட்டினேன்.

“வலது பக்கம் இருக்கறது நனைஞ்சிருக்குதுக்கா,” என்றாள்.

சூப்பர்வைசர் மாதேஷ் வந்து பார்த்தார். இரண்டும் ஒரே படம், ஒரு புள்ளிகூட மாறவில்லை, எங்களைச் சோதிக்கவே நடுவில் போட்டது என்றார். நாங்கள் பேசிவைத்துச் சொல்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம். எங்களுக்குத் தெரியாமல் இரண்டு படத்தையும் இடம் மாற்றிவிட்டு, ஒருவரை வெளியே அனுப்பி ஒருவரைக் கேட்டார். இரண்டு பேருமே இப்போது இடது பக்கத்தைக் காட்டினோம்.

அந்த வாரமே எங்களை நிறுத்திவிட்டார்கள். கண் டாக்டரிடம் போனேன், பார்வையில் குறையே இல்லை என்றார்.

போன மாதம் மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது மாதேஷே தேடி வந்து பேசினார்.

“இப்ப எனக்கும் தெரியுதுங்க,” என்றார். “நீங்க பாத்தப்ப நாலு வெரல் தடம் தானுங்களே? இப்ப அஞ்சாயிருச்சு.”

நம்பினால் நம்புங்கள். அன்றைக்கு நான் ஈரம் என்று மட்டும்தான் சொன்னேன். அந்த ஈரத்தில் பதிந்திருந்த நாலு விரல் தடத்தைப் பற்றி கோகிலாவிடம்கூட வாய் திறக்கவில்லை.