வண்டிப்பாதையில் கொட்டிய செங்கல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் விவசாயக் காட்டில் தென்னங்கன்று வைக்கப் பதினாறு குழிகள் வெட்ட வேண்டியிருந்தது. பதினோராவது குழியில் கடப்பாரை 'ணங்' என்றது.

ஒன்றரை அடி உயரக் கற்சிலை. தலை இல்லை. சம்மணமிட்ட கால்கள், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கைகள், இடது தோளில் மட்டும் துணி மடிப்பு. அடியில் அகலமான பழைய செங்கற்கள்.

நிலம் போய்விடுமோ என்று பயந்தேன். இருப்பதே ஒரு ஏக்கர் முப்பத்தேழு சென்ட். வில்லேஜ் ஆபீசுக்குத் தெரிந்தால் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். ஊருக்குத் தெரிந்தாலோ மஞ்சள் பூசி, துண்டு கட்டி, அடுத்த வெள்ளிக்குள் பொங்கல் வைத்துவிடுவார்கள். பிறகு அது கோயில் நிலம். ஆகவே நானும் மனைவியும் சிலையைச் சாக்கில் போட்டு, அறுபத்திரண்டு அடி இழுத்துப்போய் மாட்டுக் கொட்டகை மூலையில் மறைத்தோம். செங்கற்களை வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டி மிதித்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன பழைய வணிகப் பாதையைத் தேடுகிறாராம்.

"வியாபாரிகளோட புத்த பிட்சுகளும் நடந்திருப்பாங்கன்னு நினைக்கறோம். பழைய கல்லு ஏதாச்சும் கெடைச்சுதுங்களா ஐயா?"

இல்லை என்றேன். மோர் கொண்டுவந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, எத்தன நாளைக்குத்தான் சாமிய எருமைக்குப் பக்கத்துல ஒக்கார வெப்பீங்க? வா அம்மிணி, நான் காட்டறேன்."

சிலையைப் பார்த்ததும் அந்தப் பெண் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். புத்தர் என்றார். பிறகு கேட்டார்: "எந்தத் தெச பாத்து இருந்துச்சுங்க? கீழ செங்கல்லு எத்தன வரிசை?"

சிலை எங்கிருந்தோ வந்து விழுந்ததா, அங்கேயே பிட்சுகள் தங்கும் ஒரு மடம் இருந்ததா என்பதைச் செங்கல் கிடந்த விதம்தான் சொல்லுமாம். நான் வண்டிப்பாதைப் பள்ளத்தைக் காட்டினேன்.

"ஒரு தேங்கா கொறைஞ்சா ஊரைக் கூட்டற மனுசன், இத எண்ணலையாக்கும்!" என்றாள் மனைவி.

அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. பாதையில் குந்தி, டயர் தடத்துக்குள்ளிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் துடைத்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது துண்டுகள். முழுச்செங்கல் ஒன்றுகூட இல்லை.

"மடம் இருந்திருக்கலாம். இனி உறுதியாச் சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார்.

தொல்லியல் துறைக்காரர்கள் வந்து, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுச் சிலையை எடுத்துப்போனார்கள். நிலம் என் பேரில்தான் இருக்கிறது. ஒரு சென்ட் குறையவில்லை. மண்ணுக்குள் இன்னும் ஏதாவது இருக்கலாம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி மீதி ஐந்து குழிகளை நான் இன்னும் வெட்டவில்லை. யார் யாரோ நடந்து களைத்து வந்து தங்கிய இடத்தின் கதை, 'இருந்திருக்கலாம்' என்பதோடு நின்றுபோனது என் பயத்தால்தானே என்று, அந்தப் பாதையில் கால் வைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் உறுத்துகிறது.