புத்தகத்தை மேசையில் விடுங்கள்

1. ஒழுங்கான அலுமாரி

டொரீன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். எங்கள் நூலகக் கிளையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் வழக்கம் இல்லை. நல்ல செய்தி இல்லை என்று அப்போதே விளங்கிவிட்டது.

டொரீன் எங்கள் மனேஜர். ஜமேய்க்காவில் பிறந்து கனடாவில், இந்த ஸ்காபரோவில் வளர்ந்தவர். வாசகர் ஒருவரை வாசலில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் அந்தக் கிளையில் தமிழ் நூல்களுக்கும் வேறு சில மொழி நூல்களுக்கும் பொறுப்பான லைப்ரேரியன். எங்களுக்குள் அதுவரை ஒரு முகச்சுளிப்பும் வந்ததில்லை.

அவர் இரவல் கணக்கை, சேர்க்குலேஷன் ரிப்போர்ட்டை, என் பக்கம் திருப்பி வைத்தார். தமிழ்ப் புத்தகங்கள் இரவல் போவது மிகக் குறைவு. அந்த வருடம் வீடிங் நடக்க இருந்தது. வீடிங் என்பது எங்கள் தொழிலில் தவிர்க்க முடியாத வேலை. ஒருவரும் தொடாமல் கிடக்கும் நூல்களைக் களைந்தெடுத்துப் புதியவற்றுக்கு இடம் விட வேண்டும். விட்டுவிட்டால் நூலகம் கிடங்காகிவிடும். ஜன்னலோரம் இருந்த தமிழ் அலுமாரியைக் கோடைக்கு முன் எடுத்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் மேசைகள் போடப் போவதாக டொரீன் சொன்னார். நல்ல நூல்கள் சில வேறு கிளைக்குப் போகும். மற்றவை விற்பனை மேசைக்கு.

பிறகு அவர் கண்ணாடிச் சுவருக்கூடாக அந்த அலுமாரியைக் காட்டினார். எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது பார், ஒருவரும் கை வைப்பதில்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நூலகக்காரர் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். வாசிக்கிற அலுமாரி கலைந்து கிடக்கும். கலையாத அலுமாரி செத்த அலுமாரி.

அந்த இடத்தில் எங்களுக்கு முன் இத்தாலிய நூல்கள் இருந்தன. அந்தக் குடும்பங்கள் வடக்கே வீடு வாங்கிக்கொண்டு போன பிறகுதான் எங்களுக்கு இடம் வந்தது. அலுமாரி எங்கள் சீதனம் என்று சண்டை பிடிக்க எனக்கு வாயில்லை. ஒரு மாதம் தவணை கேட்டேன். தந்தார்.

2. கோப்பை கழுவுகிறவர்கள்

ரிப்போர்ட் சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை. அந்த ஜன்னலோரக் கதிரைகளில் காலையிலிருந்து, இலங்கையை விட்டு வந்த எங்கள் வயதான சனம் குந்தியிருக்கும். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனதும், பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். அவர்கள் வாசிக்கிறார்கள் என்பதை நான் தினமும் கண்ணால் கண்டேன். கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை.

நானும் ஒரு மேசையில் வேலையைப் பரப்பிக்கொண்டு இருந்து பார்த்தேன். முதலில் எழுந்தவர் செல்லத்துரை அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜராக இருந்தவர். இங்கே பார்க்கிங் லொட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புத்தகத்தை மூடினார். சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்து அட்டையைத் துடைத்தார். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் செருகினார். பக்கத்தில் சாய்ந்து நின்ற இரண்டையும் நிமிர்த்தினார். வரிசை மாறியிருந்த ஒன்றை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு ஒரு அடி பின்னால் நின்று பார்த்து, திருப்தியோடு தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்து எழுந்தவர் றெஜினா அன்ரி. மன்னார்க்காரி. அவரும் அப்படியே செய்தார். அவருக்குப் பின்னால் எழுந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நூலகத்துக்குள் வைத்து வாசிக்கும் புத்தகங்களுக்கும் எங்களிடம் கணக்கு உண்டு. மேசையில் விட்டுப்போகும் நூல்களை ஊழியர்கள் திரட்டி, ஸ்கேன் பண்ணித்தான் அடுக்குவார்கள். அந்த ஸ்கேன்தான் சாட்சி. மேசைகளில் அறிவித்தலும் உண்டு, தமிழிலும் உண்டு: வாசித்த நூல்களை மேசையிலேயே விடுங்கள், நாங்கள் அடுக்குகிறோம். எங்கள் சனத்தைத் தவிர எல்லோரும் அதைக் கேட்டு நடந்தார்கள்.

செல்லத்துரை அண்ணையிடம் ஏன் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு வீட்டில சாப்பிட்டா, கோப்பையை விடுங்கோ, நாங்கள் கழுவுறம் எண்டு வீட்டுக்காரர் சொல்லுவினம். அது அவையின்ர மரியாதை. அதுக்காக விட்டிட்டு எழும்பிப் போறதே, பிள்ளை?"

எனக்கு ஐம்பது கடந்திருந்தது. அவருக்கு நான் பிள்ளைதான்.

இரவல் கொண்டுபோகலாமே என்று றெஜினா அன்ரியிடம் கேட்டேன். அவர் ஒரு தடித்த நாவலை, வரும் நாளெல்லாம் ஓர் அத்தியாயமாக வாசித்துக்கொண்டிருந்தார். சிரித்தார்.

"வீட்டை கொண்டு போனா, இஞ்ச வாறதுக்கு எனக்கு என்ன சாட்டு? புத்தகம் வீட்டில கிடக்குதே, ஏன் குளிருக்க வெளிக்கிடுறியள் எண்டு மகள் கேப்பாள்."

வாசிப்புப் பழக்கத்தைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் இருந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். அந்த அன்ரி சொன்னது போல ஒருவரும் எனக்கு விளக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வர அவருக்கு அந்த நாவல் தேவைப்பட்டது. முடியும்வரை அது நூலகத்தில்தான் இருக்க வேண்டும்.

3. ஓம், பிள்ளை

இனிமேல் தயவுசெய்து மேசையில் விடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் "ஓம், பிள்ளை" என்றார்கள். எங்கள் சனத்தின் ஓம் எத்தனை வகைப்படும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து முழுவதையும் அடுக்கிவிட்டார்கள்.

கடைசியில் உள்ளதைச் சொன்னேன். கோடைக்கு முன் இந்த அலுமாரி போகப் போகிறது. நீங்கள் வாசிப்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிய வைக்க வேறு வழி என்னிடம் இல்லை.

றெஜினா அன்ரி மடியிலிருந்த நாவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முக்கால்வாசி முடித்திருந்தார்.

பின்வரிசையில் இருந்த ஒருவர், அப்படியென்றால் எல்லோருமாகச் சேர்ந்து நாளுக்கு ஒரு தட்டுப் புத்தகத்தை இறக்கி மேசையில் குவிப்போம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. செல்லத்துரை அண்ணைதான் தலையை ஆட்டினார்.

"வாசிக்காததை வாசிச்சதெண்டு காட்டி இடம் பிடிக்கிறேல்ல. நாங்கள் வாசிக்கிறது காணும்."

அவர் மேல் எனக்கு அந்த நிமிடம் பெரிய மதிப்பு வந்தது. ஆனால் போதாவிட்டால் என்ன செய்வது?

மறுநாள் அவர் தான் வாசித்த இரண்டு நூல்களை மேசையில் விட்டார். விட்டார் என்பதை விட, வைத்தார் என்பதே சரி. ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பு பிசகாமல் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டு நின்றார். போகவில்லை. ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து எடுக்கும் வரை, பிழை செய்து பிடிபட்டவர் மாதிரி அங்கேயே நின்று, எடுத்ததும் "சொறி, சொறி" என்று இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். அந்த ஊழியர் என்னிடம் வந்து, அந்தப் பெரியவருக்கு என்ன பிரச்சினை என்று கவலையோடு விசாரித்தார்.

அடுத்தடுத்த நாட்களில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் விட்டுப்போனதை இன்னொருவர் வந்து, ஐயோ பாவம், யாரோ மறந்துவிட்டார்கள் என்று அடுக்கினார். கடைசியில் றெஜினா அன்ரிதான் பொலிஸ் வேலை பார்த்தார். மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, அலுமாரிப் பக்கம் போகிறவர்களின் கையைப் பார்ப்பார். கையில் புத்தகம் இருந்தால் ஒரு செருமல். அது போதும். அந்தச் செருமலுக்குப் பயந்து எங்கள் சனம் ஒழுங்கீனம் பழகியது.

மாதம் முடிந்ததும் டொரீன் புதிய ரிப்போர்ட்டோடு தானே ஜன்னலோரம் வந்தார். அலுமாரி சாய்ந்தும் சரிந்தும் கிடந்தது. மேசைகளில் நூல்கள். ரிப்போர்ட்டின்படி, கிளைக்குள் வைத்து வாசிக்கப்படும் ஆங்கிலம் தவிர்ந்த மொழி நூல்களில் தமிழ்தான் முன்னுக்கு நின்றது. அவர் கதிரைகளில் இருந்தவர்களைப் பார்த்தார். இவ்வளவு காலமும் இவர்கள் ஹீற்றர் சூட்டுக்கு வருகிறார்கள் என்று நினைத்தேன் என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னார். கம்ப்யூட்டர் மேசைகள் வேறு மூலைக்குப் போயின. இப்படி ஒரு மனேஜரின் கீழ் வேலை செய்ததை என் பாக்கியம் என்றே சொல்வேன்.

றெஜினா அன்ரி நாவலை முடித்த அன்று எல்லோருக்கும் ரொபி இனிப்புக் கொடுத்தார். அடுத்த நாள் அதைவிடத் தடித்த ஒன்றை எடுத்தார்.

4. பிறகு

காலம் நிற்காது. எங்கள் குடும்பங்கள் தள்ளி ரூஜ் பக்கமும் மார்க்கம் பக்கமும் வீடு வாங்கிப் போயின. கதிரைகளில் சிலர் வராமல் போனார்கள். சிலர் வரவே முடியாத இடத்துக்குப் போனார்கள். றெஜினா அன்ரியும் அதில் ஒருவர். டொரீன் ஓய்வு பெற்ற பின் அவருடைய அறை எனக்கு வந்தது. தமிழ் ரிப்போர்ட் மறுபடியும் இறங்கியது. இந்த முறை பிழையில்லை. நானே போய் இருந்து பார்த்துவிட்டேன்.

கிளையைச் சுற்றியிருந்த மாடிக் கட்டடங்களுக்கு ஆப்கானிஸ்தான் குடும்பங்கள் வந்திருந்தன. அவர்களின் பெரியவர்கள் எங்கள் ஜன்னலோரம் வந்து, தங்கள் மொழியில் புத்தகம் இல்லாமல், குழந்தைகளின் படப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அலுமாரியில் பாதியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதைச் செல்லத்துரை அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கிழமை தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவர் கோபிக்கவில்லை.

"பாதியைக் குடும், பிள்ளை. நாங்களும் வந்தநேரம் ஆரோ தள்ளி இருந்து இடம் விட்டவைதானே."

அவர்களின் தாரி மொழி நூல்கள் வந்தன. முதல் கிழமையே ஒரு வயதான ஆப்கான் மனிதர் பின்னேரம் முழுக்க ஒரு நூலை வாசித்தார். முடித்ததும் மூடினார். கோட்டுக் கையால் அட்டையைத் துடைத்தார். எழுந்து போய் எடுத்த இடத்திலேயே செருகி, பக்கத்து நூல்களையும் நிமிர்த்தினார்.

நான் என் அறையிலிருந்து எழும்புவதற்குள் செல்லத்துரை அண்ணை எழுந்துவிட்டார். தடியை ஊன்றி நடந்துபோய், அந்த நூலை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஆப்கான் மனிதர் திகைத்துப்போய் அதை மறுபடி எடுக்கக் கை நீட்டினார். அண்ணைக்கு அவர் மொழி தெரியாது. அவருக்கு அண்ணையின் மொழி தெரியாது. அண்ணை ஒரு செருமல் செருமினார். றெஜினா அன்ரியின் அதே செருமல்.

அந்த மனிதர் கையை எடுத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. புத்தகத்துக்குப் பக்கத்திலேயே, பிழை செய்தவர் மாதிரி நின்றார். செல்லத்துரை அண்ணையும் கூடவே நின்றார். தள்ளுவண்டி வரும் வரை இரண்டு பேரும் நின்றார்கள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரிப்போர்ட்டைப் பாருங்கள், அது தேவை. பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய், புத்தகத்தை யார் துடைத்து வைக்கிறார்கள் என்றும் பாருங்கள். அன்று அந்தத் தாரி நூலை நான்தான் ஸ்கேன் பண்ணினேன்.