நிப்பில் வைத்த சந்தனம்

எனக்கு மைப்பேனாதான். காலையில் குளித்துத் திருநீறு பூசி, நோட்டில் ‘ஓம் முருகா’ என்று நூற்றெட்டு முறை எழுதாமல் காபி இறங்காது. பால்பாயிண்ட் பேனாவில் சாமி பேரை எழுத எனக்குக் கை வராது.

சரஸ்வதி பூஜைக்குப் பேனாக்களை எல்லாம் சாமி முன்னால் வைப்போம். மூடியில் பொட்டு வைத்தால் போதும் என்று வருஷா வருஷம் சொல்வேன். என் மனைவி கேட்கமாட்டாள். மூடியைக் கழற்றி நிப்பிலேயே சந்தனத்தை அப்புவாள். “எழுதுற இடத்துக்குத்தான வைக்கணும்?” என்பாள். கோவில்பட்டி வெக்கைக்கு அது விடிவதற்குள் கல்லாகிவிடும். விஜயதசமி காலையில், வெதுவெதுப்பான தண்ணீரில் நிப்பைக் கழுவிக்கொண்டே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவேன்.

இந்த வருஷம் மகளின் பிரசவத்துக்காக அவள் விளாத்திகுளம் போயிருந்தாள். நானே பூஜை செய்தேன். மூடியில் மட்டும் பொட்டு வைத்தேன். மறுநாள் பிள்ளையார் சுழி போட்டதுமே மை தடையில்லாமல் இறங்கியது. நூற்றெட்டும் எழுதி முடித்த பிறகும் ஏதோ குறைந்தது. நோட்டை முகர்ந்து பார்த்தேன். சந்தன வாசனை இல்லை.

அப்போது அவள் போன் செய்தாள். “நிப்புக்குச் சந்தனம் வச்சியளா?”

“வச்சேன்ட்டி.”

“பொய் சொல்லாதிய. வச்சிருந்தா இந்நேரம் கத்திக்கிட்டுல்லா இருப்பிய.”