வெளியே பூட்டு, உள்ளே தூக்கம்

இந்த ஊரில் பட்டப்பகலில் கிசுகிசுக்கிறார்கள். ஒரகடம் தொழிற்பேட்டையை ஒட்டிய வல்லம் வடகால் பக்கம் ஏதாவது ஒரு லைன் வீட்டுச் சந்துக்குள் காலை பத்து மணிக்கு நுழைந்து பாருங்கள். குழாயடியில் குடத்தைச் சத்தமில்லாமல் இறக்குவார்கள். பிள்ளையைத் திட்டுவதுகூட உதட்டசைவில்தான். நம் கோவில்பட்டியில் பக்கத்து வீட்டில் கொஞ்சம் காப்பித்தூள் கேட்டாலே மூன்று தெருவுக்குத் தெரியும். அந்தக் காதோடு வந்து இறங்கியவனுக்கு இந்த அமைதி எப்படி இருந்திருக்கும்? என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். பேன்ட் ஜிப்பை அடிக்கடி சரிபார்த்தேன். காரணம் என்ன என்று யாரிடமும் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவன் கேட்கமாட்டான், கவனிப்பான்.

நான் ஊரில் வேலை பார்த்த சிறிய தொண்டு நிறுவனம் படுத்துவிட்டதால், நாற்பத்தைந்து வயதில் ஒரகடத்துக்கு வந்தவன். மனைவிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை, மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு பேரையும் பிடுங்கிக்கொண்டு வர முடியாது. இங்கே என் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'குடும்ப ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. தொழிற்சாலைக் குடும்பங்களில் அடிதடி, குடி, பள்ளிக்கு வராத பிள்ளை என்று தகவல் வந்தால் நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. தோளில் பை, காலில் தேய்ந்த செருப்பு, முகத்தில் அக்கறை: இந்த மூன்றும் சேர்ந்த ஆளை இந்த வட்டாரத்தில் தவணைப் பணம் வசூலிக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். நான் தெருமுனையில் திரும்பும்போதே கதவுகள் சாத்தப்படும். சாத்திய கதவுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். அவர்கள் என்னைச் சந்தேகிக்க, நான் அவர்களைச் சந்தேகிக்க, இரு தரப்புக்கும் ஏமாற்றமே இருந்ததில்லை.

இந்த வேலை மனசை என்ன செய்யும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதலில் சோறு இறங்காது. பிறகு சோறு இறங்கும், தூக்கம் வராது. அதன்பிறகு இரண்டும் சரியாகிவிடும்; கண் மட்டும் கெட்டுப்போகும். வீங்கிய கன்னத்தைப் பார்த்தால் பல்வலி என்று தோன்றாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மகளின் முழங்காலில் சிராய்ப்பு. "எப்ப விழுந்த? எங்க? பக்கத்துல யார் இருந்தா?" என்று கேட்டேன். அதையே வேறு வார்த்தைகளில் மறுபடியும் கேட்டேன், பதில் மாறுகிறதா என்று பார்க்க. அவள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, நான் உங்க கேஸ் இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

இப்படிக் கெட்டுப்போன கண்ணோடுதான் ஒருநாள் ஏகாம்பரம் என்பவரின் லைன் வீட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் உள்ளூர்க்காரர். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடைசி அறையில் நம் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள்: மாரிச்செல்வம், முத்துலட்சுமி, நாலு வயது தர்ஷினி. அப்பனும் ஆத்தாளும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். பிள்ளை ஒரு வாரமாக வரவில்லை, அதற்குமுன் வந்த நாட்களிலும் தூங்கி வழிந்தது என்று பால்வாடி டீச்சர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. திரும்பி நடக்கப் போன நேரத்தில், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன இருமல்.

"உள்ள யாரு பாப்பா?"

"நான்தான்." கிசுகிசுப்பு.

"அம்மா எங்க?"

"பூட்டிட்டுப் போயிட்டாக."

"அப்பா?"

"இங்கனதான் கெடக்காக."

"எழுப்பும்மா."

"எந்திரிக்க மாட்டாக."

"ஏன் மெதுவாப் பேசுத?"

"சத்தம் போட்டா அம்மா வைவாக."

நிதானமுள்ள மனிதன் இங்கே ஒரு நிமிடம் யோசித்திருப்பான். என் தலைக்குள் அதற்குள் தாய் தலைமறைவாகியிருந்தாள், தகப்பனுக்கு உடற்கூறு பரிசோதனை முடிந்திருந்தது, நான் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தேன். "யாராவது வாங்க!" என்று கோவில்பட்டிக் குரலில் கத்தினேன். அந்தச் சந்தில் பகலில் அப்படி ஒரு சத்தம் அதற்குமுன் கேட்டிருக்காது. பக்கத்து அறைப் பெண் ஓடிவந்து வாயில் விரல் வைத்து, "யோவ், மெதுவா பேசுயா! உள்ள ஆளு தூங்கிக்கினு கீது" என்றாள்.

"வெளிய பூட்டுத் தொங்குது, உள்ள ஆள் தூங்குறாரா? யாருகிட்டம்மா கதை விடுற?"

இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் கிசுகிசுத்தார்கள். சரி, தெரு மொத்தமும் கூட்டு என்று தீர்மானித்தேன். கிடந்த செங்கல்லை எடுத்துப் பூட்டின்மேல் போட்டேன். பூட்டு அசையவில்லை, கதவோடு இருந்த கொண்டி பிய்ந்து விழுந்தது. உள்ளே பாய்ந்தேன். கரண்ட் இல்லாத இருட்டில், வேர்வையில் நனைந்த பாயில் பிணம் கிடந்தது. அது எழுந்து, லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் மக்கால் என் மண்டையில் ஓங்கி ஒன்று போட்டது. "எவம்ல அது?" என்றும் கேட்டது. தன் அப்பா இவ்வளவு சீக்கிரம் எழுந்ததைப் பார்த்துத் தர்ஷினி கைதட்டினாள்.

பிறகுதான் எனக்குப் பாடம் நடந்தது. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன் பகலில் தூங்கினால் சீட்டுக்காரன் தட்டுவான், கேபிள்காரன் தட்டுவான், ரூம் தேடுகிறவன் தட்டுவான். தூக்கம் கெட்டால் அடுத்த ராத்திரி மிஷினில் விரல் போகும். அதனால் வேலைக்குப் போகிற மனைவி வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பூட்டிய வீட்டை யார் தட்டுவார்கள்? அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மற்ற நாளில் பிள்ளை பால்வாடியில் இருக்கும், மதியம் முத்துலட்சுமி கூட்டிவருவாள். அந்த வாரம் இருமல் என்பதால் உள்ளேயே விட்டிருந்தாள். "சரி, தீப்பிடிச்சா?" என்று கேட்டேன். நான் அன்றைக்குப் பேசியதில் உருப்படியான ஒரே வாக்கியம் அதுதான், ஆனால் மண்டை வீங்கியவன் கேட்டதால் மதிப்பில்லாமல் போய்விட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கொண்டி பிய்ந்த கதவைப் பார்க்க ஏகாம்பரம் வந்தார். பூட்டிய அறைக்குள் குழந்தை இருந்தது என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "நாளிக்கு போலீசு கீலீசுன்னு வந்தா என் பேருதான் நாறும். மாசக் கடைசில காலி பண்ணிடுபா" என்று மாரிச்செல்வத்திடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மதியம் ஷிப்ட் முடிந்து வந்த முத்துலட்சுமி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "பிள்ளகுட்டியோட இருக்கவகளுக்கு இங்க எவன் சார் ரூம் தாரான்? எல்லாவனும் பேச்சிலருக்குத்தான் தாரான்" என்றாள். இனி மாரிச்செல்வம் ஆண்கள் ஹாஸ்டலுக்குப் போவான், இவள் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போவாள், தர்ஷினி சங்கரன்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போவாள். குடும்பத்தைச் சேர்த்து வைக்கச் சம்பளம் வாங்குகிறவன், ஒரு செங்கல்லில் அதை மூன்று துண்டாக்கியிருந்தேன்.

மறுநாள், அவர்களைக் காலி பண்ணச் சொல்ல வேண்டாம் என்று கேட்டு ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் நின்றேன்.

"நீ ரூம் புரோக்கரா?" என்றார்.

"இல்லீங்க, குடும்ப ஆலோசகர்."

"குடும்பத்த காலி பண்ண வெச்சிட்டு அதுக்கே ஆலோசனை. நல்லா கீதுபா உன் பொழப்பு."

அவர் மனைவி கன்னியம்மா உள்ளேயிருந்து வந்தார். "இந்தாய்யா, அந்தக் கடைசி ரூம்காரன் உள்ள தாப்பா போட்டுக்கினு தூங்கட்டும். வெளிய பூட்டு வேணாம். பால்வாடி இல்லாத நாள்ல புள்ள எங்கூட்ல இருக்கட்டும். தட்றவன நான் பாத்துக்கறேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டியவன் நான். என் வாயில் வந்தது: "உங்களுக்கு அதுல என்னம்மா லாபம்?"

"லாபமா? என் பசங்க ரெண்டும் கம்பெனிக்குப் பூடுது. நாள் பூரா இந்தாளு மூஞ்சியத்தான் பாத்துக்கினு கீறேன்." கணவரைக் காட்டினார். ஏகாம்பரம் எழுந்து உள்ளே போனார். சம்மதம் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார் கன்னியம்மா.

வெற்றிவீரனாகக் கடைசி அறைக்குப் போனேன். முத்துலட்சுமி பிள்ளையின் கவுன்களை மடித்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னபோதும் அவள் கை நிற்கவில்லை. "அவுகளுக்கு என்ன சார் எங்க மேல அக்கறை?" என்றாள். நான் கேட்ட அதே கேள்வி, அதே குரல். "நேத்து நீங்க கதவ ஒடச்சீக. நாளைக்கு இன்னொருத்தர் வருவாரு. ஊர்ல இருந்தா பிள்ள பத்திரமா இருக்கும்."

"பத்திரமா இருக்கும்மா. ஆனா உன்கிட்ட இருக்காது" என்றேன். ஆலோசகர்கள் சொந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பயிற்சியின் முதல் விதி. சொன்னேன். மகள் போனில் மார்க் சொல்வாள், சாப்பிட்டதைச் சொல்வாள், நான் கேட்காததை மட்டும் சொல்லமாட்டாள் என்றேன்.

முத்துலட்சுமி நிமிர்ந்தாள். "உங்க பிள்ள எங்க இருக்கு?"

"கோவில்பட்டியில."

"நீங்க?"

"இங்க."

"அப்ப முதல்ல உங்க வீட்டுக் கதவத்தான சார் ஒடைக்கணும்?"

பாயில் படுத்திருந்த மாரிச்செல்வம் போர்வைக்குள் குலுங்கினான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். "ஒரு மாசம் பாப்போம். அந்தம்மா சரியில்லன்னா அனுப்பிருவேன்" என்றாள். அவளும் சந்தேகக்காரிதான். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது வெளியே பூட்டு இல்லை. கன்னியம்மாவின் முற்றத்திலிருந்து தர்ஷினி ஓடிவந்து என் வழியை மறித்தாள். "அப்பா தூங்கிக்கினு கீறாரு. தட்டாத மாமா" என்றாள், அந்தம்மாவின் பேச்சிலேயே. கன்னியம்மா அரிவாள்மணையைவிட்டு எழாமல், நான் அவளைத் தொடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை ஒருவர் அப்படிச் சந்தேகமாகப் பார்த்ததில் நான் மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். விடிந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது, தள்ளினால் திறந்துகொள்ளும். என் கை தள்ளவில்லை. விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டியது. நானே ஒரு படி கீழே இறங்கி, பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். "யாரு?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள். ஒரகடத்தில் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், யோசிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது: "பயப்படாதீங்க. சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."