கன்னியப்பன் மீசையும் கொரியாக்காரப் பாட்டுக்காரனும்

மீனவர் ஊரான வைத்திக்குப்பத்தில் பிறந்துவிட்டு, படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆம்பிளை கன்னியப்பன்தான். ஆனால் மீசை இருந்தது. கன்னத்தில் பாதியைப் பட்டா போட்டுக்கொண்ட மீசை. அதைப் பார்த்துத்தான் கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் தலைப்பாகை கட்டி வாசலில் நிறுத்தினார்கள். வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், இவர் பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்வார். உத்தியோகம் அவ்வளவுதான்.

மனைவி அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள். பேச வந்தவர்களையும் சும்மா விடமாட்டாள்.

இரண்டாயிரத்து எட்டில் எங்கள் கேபிள்காரர் கோவிந்தராசு, தன் சேனலில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு கொரியா நாடகம் போட ஆரம்பித்தார். கீழே ஓடும் இங்கிலீஷைப் பார்த்து, மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் தமிழில் அவரே பேசினார். கதாநாயகிக்கும் அதே கட்டைத் தொண்டைதான். அவள் காதலைச் சொல்லும்போது நடுவில் வெற்றிலை துப்புகிற சத்தம் கேட்கும். அவர் பேசுவது சரியா தப்பா என்று சொல்ல, இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

ஊரே கொண்டாடும் பாட்டுக்காரப் பையன் மேல் கொலைப்பழி விழுகிறது. அதுதான் கதை. அவன் பேர் எங்கள் வாயில் நுழையாதென்று கோவிந்தராசே 'சுந்தர்' என்று வைத்துவிட்டார். மார்க்கெட் முடிந்ததும் தெருப் பெண்கள் எல்லோரும் அஞ்சலாட்சி வீட்டு டிவி முன்னால் கூடுவோம்.

"இம்மாம் பவுடர் பூசறவனுக்குக் கொலை பண்ண ஏதுடி நேரம்?" என்பாள் சின்னப்பாப்பா.

"ஆம்பள காதுல கம்மல் போட்டான்னா எதுக்கும் துணிஞ்சவன்," என்பாள் வீராயி. இதனால் இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் ஆரம்பத்திலிருந்தே சுந்தர் கட்சி. வீராயிக்கு மனுஷர்களைத் தெரியாது.

சுந்தரைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போன அன்று அஞ்சலாட்சி சாப்பிடவில்லை. வீராம்பட்டினத்து அம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தாயே, எம்புள்ளைய விட்டுட்டாங்கன்னா, எங்க வூட்டுக்காரரு மீசைய ஒனக்குக் குடுத்துடறேன்."

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஆபத்தென்றால் தாய் வேண்டிக்கொள்வதும், தகப்பன் முடி கொடுப்பதும் வழக்கம்தான். ஆனால் தகப்பனிடம் யாரும் கேட்பதில்லை.

சேதி தெரிந்து கன்னியப்பன் ஆடிப்போய்விட்டார். "மீசைய எடுத்தா மேனேஜரு வூட்டுக்கு அனுப்பிடுவாரும்மே. அவன் எவனோ, எந்த ஊரோ."

"அம்மன்கிட்ட சொல்லியாச்சுய்யா. திருப்பி வாங்க முடியாது," என்று முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து உலகத்திலேயே சுந்தர் தூக்கில் தொங்க வேண்டுமென்று மனதார விரும்பிய ஒரே ஆள் கன்னியப்பன். டிவி முன்னால் உட்கார்ந்து கொரியா போலீசுக்கு யோசனை சொல்வார். கடைசிப் பகுதிக்கு முந்தின நாள், மனைவியின் கூடையிலிருந்து ஒரு வஞ்சரத்தைத் தூக்கிக்கொண்டு கோவிந்தராசிடம் போனார். நாடகத்தை முன்கூட்டியே பார்த்திருந்த கோவிந்தராசு உண்மையைச் சொன்னார். பையனை விடுதலை செய்துவிடுகிறார்களாம்.

"படத்த நீ ஒண்ணும் பண்ண வேணாம். பேச்சு ஒன்னுதுதானே? தூக்குன்னு சொல்லிடு," என்றார் கன்னியப்பன். வஞ்சரம் பெரியது. கோவிந்தராசு தலையாட்டினார். மீன் காணாமல் போனதற்குப் பழி பூனை மேல் விழுந்தது.

மறுநாள் நீதிபதி வாயைத் திறந்தார். "தூக்கு," என்றது கோவிந்தராசின் தொண்டை. படத்திலோ எல்லோரும் கை தட்டினார்கள். எவ்வளவு கல் நெஞ்சுக்காரர்கள் என்று நாங்கள் திட்டினோம். சுந்தர் அம்மாவோடு உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டான். "தூக்குக்கு முன்னால கடைசிச் சாப்பாடு," என்றார் கோவிந்தராசு. அந்தத் தாய் ஊட்டிவிட, வீராயிகூட மூக்கைச் சிந்தினாள்.

அஞ்சலாட்சி டிவியில் அவன் முகம் இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணு குடுத்தே, அதையும் எடுத்துக்கினியே தாயே," என்றாள்.

கன்னியப்பன் எழுந்தார். "அழாத அஞ்சல. அவன் சாவல. விட்டுட்டாங்க. நாந்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன்."

அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப அந்த வஞ்சரம்?"

"பூனை இல்ல."

நாங்கள் மொத்தமாகக் கோவிந்தராசு வீட்டுக்குப் போனோம். அங்கே நடந்ததை எழுத வேண்டாம். மறுநாள் அதே பகுதியை மறுபடியும் போட்டு, விடுதலை என்று ஒழுங்காகச் சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது.

கன்னியப்பன் போய்க் கேட்டதில், மீசை திரும்ப வளருகிற வரைக்கும் பின்வாசலில் நின்றால் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் அரியாங்குப்பம் வழியாக வீராம்பட்டினத்து அம்மன் கோயிலுக்குப் போனார்கள், கூட நானும். கத்தியைத் தீட்டிக்கொண்டே நாவிதர், "இவ்ளோ அழகான மீச. யாருக்கு வேண்டுதல்?" என்று கேட்டார்.

அஞ்சலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து மோவாயைத் தூக்கிக் காட்டினார்.

"எம்புள்ளைக்கு. வெளிநாட்டுல பாட்டுப் பாடறான். ஒரு கேசுல மாட்டிக்கினான், இப்ப விட்டுட்டாங்க."